கூட்டம் எப்படி இருந்தது என்று உறுப்பினர்களிடம் எப்படிக் கேட்பது?

காங்கேயம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களிடம் 320 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தொடங்கிய ஆண்டில் மாதக் கூட்டத்துக்கு 190 பேர் வரை வந்தார்கள். இப்போது 45 பேர் வந்தாலே பெரிது. குறை எங்கே என்று தெரிந்துகொள்ள 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் ‘நன்று’ என்பதற்கு நேரே டிக் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வந்தவர்கள் 38 பேர். “எல்லோரும் நன்று என்கிறார்கள், ஆனால் வருவதில்லை. எப்படிக் கேட்டால் மனத்தில் இருப்பதைச் சொல்வார்கள்?” என்கிறார்.

ஐயா, உங்கள் உறுப்பினர்கள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரரே இலைக்கு எதிரில் நின்று “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால், ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று நம் பக்கத்து ஆள் யாரும் சொல்லமாட்டார். “நன்றாக இருந்ததுங்க” என்றுதான் சொல்வார். அந்த ‘ங்க’ உங்களுக்குக் கொடுத்த மரியாதை. அதைக் கூட்டத்துக்குக் கொடுத்த மதிப்பெண் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். முதல் வரியிலேயே பெயர், உறுப்பினர் எண், கைபேசி எண். மண்டபத்து வாசலில் இயக்குநர்களே நின்று கொடுத்து, இயக்குநர்களே கையால் திரும்ப வாங்கியிருக்கிறீர்கள். அந்த 45 பேரில் எத்தனை பேர் உங்கள் நிறுவனத்தில் உரம் கடனுக்கு எடுத்திருப்பார்கள்? எத்தனை பேரின் சொட்டுநீர் மானிய மனு உங்கள் அலுவலகம் வழியாகப் போயிருக்கும்? அவர்களில் யார் தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே ‘பேச்சாளரின் உரை பயனில்லை’ என்று எழுதுவார்? கேள்விகளும் பாராட்டை எதிர்பார்த்தே நிற்கின்றன. ‘கூட்ட ஏற்பாடுகள் திருப்திகரமாக இருந்தனவா?’ என்று கேட்டால் திருப்தி என்பதைத் தவிர வேறு பதில் வராது.

உண்மை விலையை எப்படி வெளியே கொண்டுவருவது என்பது கொங்கு நாட்டுக்குப் புதிய விஷயம் இல்லை. நம் மாட்டுச் சந்தைகளில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களின் முகம் பார்த்து விலை சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் அங்கே மனத்தில் உள்ள விலை வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சளுக்கும் கொப்பரைக்கும் மறைமுக ஏலம் நடப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒருவர் என்ன விலை போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. பிறகு அதிகபட்ச விலை பொதுவில் அறிவிக்கப்படும். கருத்துக் கேட்பதற்கும் இந்த இரண்டும் வேண்டும். சொல்லும்போது மறைவு, சொன்ன பிறகு வெளிச்சம். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. எல்லோர் எதிரிலும் கேட்கிறார்கள், வந்த பதிலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

நான் பல ஆண்டுகளாகப் பாசன சபைகளிலும் உழவர் அமைப்புகளிலும் கூட்டம் நடத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குக் கைகொடுத்த முறை புளியங்கொட்டைதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990களில் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற பெயரில் இந்தியக் கிராமங்களில் பரவிய வழிமுறைகளில், தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவதும் கொட்டைகளை வைத்து எண்ணிக் காட்டுவதும் உண்டு. ஊரக வளர்ச்சி பற்றி ஆய்வு செய்த பிரிட்டன் அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், ஐம்பது ஏக்கர்க்காரருக்கும் அரை ஏக்கர்க்காரருக்கும் ஆளுக்கு ஒரே கொட்டை என்பது அதன் பெரிய நன்மை.

செய்வது இப்படி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுங்கள். வெளியே போகும் வழியில் ஒரு பழைய வேட்டியைக் கட்டித் தடுப்புச் செய்து, அதற்குப் பின்னால் மூன்று மண் கலயங்கள் வையுங்கள். அவற்றுக்கு நிறம் பூச வேண்டாம், எந்த நிறம் பூசினாலும் ஏதாவது ஒரு கட்சிக்கொடி ஞாபகம் வந்துவிடும். சுண்ணாம்பால் படம் வரைந்தால் போதும். முதல் கலயத்தில் நிறைந்த படி: இன்று வந்தது பயன்பட்டது. இரண்டாவதில் அரைப்படி: வராமல் இருந்திருந்தாலும் நஷ்டமில்லை. மூன்றாவதில் வெறும்படி: வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தது வீண். கூட்டம் தொடங்கும்போதே இதை ஒருமுறை விளக்கிவிடுங்கள். முடியும்போது சொன்னால், எழுந்து போகும் அவசரத்தில் யார் காதிலும் விழாது.

ஒரு சின்ன விஷயத்தில் நாங்கள் முதல்முறை கோட்டை விட்டோம். வெறும் மண் கலயத்தில் கொட்டை விழுந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். மூன்று கலயங்களையும் தள்ளித் தள்ளி வைத்திருந்தோம். முதலில் போன பெரியவர் ஒருவர் கடைசிக் கலயத்தில் போட்ட சத்தம் வந்ததும், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எல்லாக் கொட்டைகளும் முன்னால் இருந்த நிறைபடிக் கலயத்திலேயே விழுந்தன. அடுத்த மாதம் கலயங்களின் அடியில் துணியை மடித்துப் போட்டு, மூன்றையும் ஒட்டி வைத்தோம். 52 கொட்டைகளில் நிறைபடியில் 14, அரைப்படியில் 17, வெறும்படியில் 21. அதே ஆட்கள், அதே மாதிரிக் கூட்டம். நடுவில் மாறியது ஒரு துண்டுத் துணியும் கலயங்கள் இருந்த இடமும் மட்டும்தான். இதை நான் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன்.

கொட்டைகளை எண்ணும்போது இன்னொன்றையும் பாருங்கள். கையெழுத்து 45, கொட்டை 31 என்றால், 14 பேர் பாதியில் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதுவும் ஒரு பதில்தான்.

எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கொட்டை சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குச் சீட்டு வேண்டும். ஆனால் 12 கேள்விகள் வேண்டாம். கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வி. அதை நாமே குறை உண்டு என்று ஒப்புக்கொண்டு கேட்க வேண்டும். “இன்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனது என்ன?” என்பது நான் கேட்டதிலேயே அதிகம் பலன் தந்த கேள்வி. “எந்த இடத்தில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது?” என்பது இன்னொன்று. “அடுத்த கூட்டத்தில் எதை விட்டுவிடலாம்?” என்பது மூன்றாவது. இப்படிக் கேட்டால் பதில் சொல்பவருக்கு மரியாதைக் குறைவு செய்தோமோ என்ற கூச்சம் வராது. நாம் கேட்டதற்குத்தானே அவர் சொல்கிறார்.

இந்தச் சீட்டுகளில் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த அரைத்தாள், பென்சில் எழுத்து. “உரம் விலை ஏன் வெளியே விற்பதைவிட அதிகம் என்று கேட்க எழுந்தேன். நேரமாகிவிட்டது, டீ சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார்கள். டீ குடித்ததும் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதமாக இப்படித்தான்.” அந்த உறுப்பினரின் மூன்று மாதக் காத்திருப்பு அந்தச் சீட்டு வரும்வரை நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய படிவத்தில் அவரும் ‘நன்று’ என்றுதான் டிக் போட்டிருப்பார்.

சிறிய ஊரில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரை, ஒரு கல்லூரி மாணவியையோ நூலகரையோ, மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, வருபவர்கள் சொல்வதை அவரே ஒரே கையெழுத்தில் எழுதும்படி செய்யுங்கள். எழுதச் சிரமப்படும் வயதானவர்களுக்கும் அதுதான் வசதி. பெண் உறுப்பினர்களிடம் ஒரு பெண்தான் கேட்க வேண்டும், அதுவும் கணவரோ மாமனாரோ பக்கத்தில் இல்லாதபோது. நிலம் அம்மாவின் பெயரில் இருக்கும், உறுப்பினர் அட்டையும் அவர் பெயரில் இருக்கும், கருத்தை மட்டும் மகன் சொல்லுவார். இதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைக்கலாமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். கூட்டத் தேதியை முடிவுசெய்ய அது நல்ல கருவி. குறை கேட்க வேண்டாம். குழு வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பெயரோடு தெரிந்துவிடும்.

உறுப்பினர்களிடம் கேட்பதோடு கடிகாரத்திடமும் ஒருமுறை கேளுங்கள். கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து, எதற்கு எத்தனை நிமிடம் போனது என்று மட்டும் குறிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் நானே குறித்தது இது: மொத்தம் 130 நிமிடம். வரவேற்பு, முன்னிலை, பொன்னாடை 38 நிமிடம். அழைத்து வந்த அதிகாரியின் உரை 45. அறிவிப்புகளும் வரவு செலவும் 29. மைக் சரிசெய்தது 7. உறுப்பினர்களின் கேள்விகளுக்கு 11, அதிலும் 6 நிமிடம் முன்வரிசையில் இருந்த ஒருவரே பேசினார். இந்தக் கணக்கைக் காட்டியபோது தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் மேடையில் இருந்ததால் அவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. கூட்டத்தை நடத்துபவருக்கும் அதிகம் பேசியவருக்கும் கூட்டம் நன்றாகப் போனதாகவே தோன்றும் என்று கூட்டங்களைப் பற்றி நெடுநாள் ஆய்வு செய்துவரும் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரோகெல்பெர்க் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே கூட்டம் எப்படி இருந்தது என்று இயக்குநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒரு சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு வார்த்தை. நம் மக்களுக்குக் கூட்டம் என்றால் என்ன என்பதைப் பெரும்பாலும் கிராம சபைதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நன்றாக நடக்கும் ஊர்களும் உண்டு. ஆனால் பல ஊர்களில் தீர்மானத்தை வேகமாக வாசிப்பார்கள், நோட்டு சுற்றி வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். உங்கள் கூட்டத்துக்கும் அதே பழக்கத்தோடுதான் வருகிறார்கள். ஒருமுறை கேட்டதும் பழக்கம் மாறிவிடாது. மூன்று நான்கு கூட்டங்களாவது பொறுத்திருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதெல்லாம் வந்த 45 பேரிடம். வராத 275 பேரிடம் யாரும் கேட்கவில்லை. வருபவர்கள் எப்படியோ சகித்துக்கொண்டு வருகிறவர்கள். சகிக்க முடியாதவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பழைய வருகைப் பதிவேட்டை எடுங்கள். முதல் ஆண்டில் ஒழுங்காக வந்து, கடந்த ஆறு மாதமாக ஒருமுறைகூட வராதவர்களின் பட்டியலைப் போடுங்கள். அதில் 15 பேரைத் தேர்ந்தெடுங்கள். தலைமதகு, கடைமதகு, கிணற்றுப் பாசனம், மேட்டாங்காடு என எல்லா வகையும் அதில் இருக்கட்டும். இயக்குநர் அல்லாத ஒருவர் தோட்டத்துக்கே போய்ப் பார்க்கட்டும். அங்கே போய் “ஏன் வருவதில்லை?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் “வேலைங்க” என்ற ஒற்றைச் சொல்லில் பேச்சு முடிந்துவிடும். “கடைசியாக நீங்கள் வந்த கூட்டம் எது, அன்று என்ன நடந்தது?” என்று கேட்கட்டும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் சொல்வார்கள். காரணத்தைக் கேட்டால் மழுப்புவார்கள்.

இப்படிப் போனால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் நேரக் கோளாறுதான். உங்கள் கூட்டம் மாலை 5 மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாடு கறந்து சங்கத்துக்குப் பால் ஊற்றும் நேரம். கறப்பது பெரும்பாலும் பெண்கள். பெண் உறுப்பினர்களின் வருகை ஏன் குறைந்தது என்பதற்கு வேறு காரணம் தேடும் முன் இதைக் கணக்கில் எடுங்கள். அடுத்தது தண்ணீர். உங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊரும் உண்டு, பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்துத் தண்ணீர் பாயும் ஊரும் உண்டு. கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கரும் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒரு பாதிக்கு முதல் போகத்திலும் மறு பாதிக்கு இரண்டாம் போகத்திலும் தண்ணீர் பெறுகின்றன. பி.ஏ.பி.யில் நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் முறை வரும்போதுதான் தண்ணீர். ஆக, ஒரே நிறுவனத்தின் உறுப்பினர்களுக்கே நாட்காட்டி வேறுவேறு. ஒருவர் நடவில் இருக்கும்போது அடுத்தவர் காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் முறைத் தண்ணீரை விட்டுவிட்டு, குறிப்பாகக் கடைமடையில் இருப்பவர், எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். வரச் சொல்வதும் நியாயம் இல்லை. “எந்த நேரம் வசதி?” என்று பொதுவாகக் கேட்டால் “எப்போது வைத்தாலும் சரிங்க” என்பார்கள். மதகுவாரியாக, மண்டலவாரியாக, எந்த எந்த வாரம் வரவே முடியாது என்று கேளுங்கள். வளர்பிறை முகூர்த்த நாட்களையும் ஏல நாட்களையும் அதே தாளில் குறித்துக்கொண்டு மீதியைப் பாருங்கள். சில மாதங்களில் ஒரே கூட்டத்தை இரண்டு ஊர்களில் இரண்டு முறை நடத்துவதுதான் வழி என்று தெரியவரும். செலவு கொஞ்சம் கூடும், ஆனாலும் செய்யத்தக்கது.

கேட்டு வாங்கிவிட்டீர்கள். இனி அதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ஓர் அமைப்பில், பெயரைச் சொல்ல வேண்டாம், கடுமையான சீட்டு ஒன்று வந்தது. தலைவர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய கடன் மனுக்களின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். செய்தி இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சீட்டும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அந்த அமைப்பில் எந்தக் கருத்துக் கேட்பும் பலிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய வேலை அது.

அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை, பொன்னாடைக்கும் முன்னால், இதற்கென்று ஒதுக்குங்கள். கொட்டைக் கணக்கை அப்படியே வாசியுங்கள். பிறகு சீட்டுகளில் வந்ததை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: செய்துவிட்டது, செய்யப்போவது, செய்ய முடியாதது. செய்ய முடியாததற்குக் காரணத்தைச் சொன்னால் நம் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். உரம் விலை அதிகம் என்று சீட்டு வந்தால், கொள்முதல் விலை, வண்டி வாடகை, இறக்குக் கூலி, நிறுவனத்தின் பங்கு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். யாருடைய சீட்டு என்று யூகம்கூடச் செய்யாதீர்கள். “இது யார் எழுதியிருப்பார் என்று தெரியும்” என்று ஒரு இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், செய்ததெல்லாம் பாழ்.

மாற்றங்களை ஒன்றொன்றாகச் செய்யுங்கள். நேரத்தை மாற்றி, பேச்சாளரை நிறுத்தி, டீயோடு போண்டாவும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்தால், கூட்டம் கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது. உங்கள் நிலைமையில் நான் முதலில் மாற்றுவது உறுப்பினர்களின் கேள்வி நேரத்தை. அதைக் கடைசியிலிருந்து எடுத்துக் கூட்டத்தின் தொடக்கத்தில், முன் கூட்டத்தின் பதில்களை வாசித்தவுடன் வையுங்கள். இரண்டு மாதம் அப்படி நடத்திவிட்டுக் கொட்டைக் கணக்கைப் பாருங்கள். அதன் பிறகு கூட்டம் தொடங்கும் நேரத்தை மாற்றலாம். கொட்டை எல்லாக் கூட்டத்துக்கும் இருக்கட்டும், சீட்டு ஒன்று விட்டு ஒன்றுக்கு, தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு முறை. அதற்குமேல் கேட்டால் கேட்பதே சலித்துவிடும்.

உங்களுக்கு இதில் சட்டப்படியான அவசரமும் ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013இல் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு உள்ள விதிப்படி, பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. உங்கள் நிறுவனத்தின் விதிகள் அதைவிட அதிகம் கேட்டால் அந்த எண்ணிக்கை. 320 பேருக்கு 80 பேர் வேண்டும். இப்போது வரும் 38 பேரை வைத்துப் பேரவையை நடத்த முடியாது. பேரவைக்கு 14 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்பும் அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பின் பின்பக்கம் வழக்கமாக வெறுமையாகத்தான் இருக்கும். தோட்டங்களுக்குப் போய்க் கேட்டதில் என்ன சொன்னார்கள், அதில் எது எது முடிந்துவிட்டது என்று பெயர் இல்லாமல் அங்கே அச்சிடுங்கள். நேரில் பேசிய அந்த 15 பேருக்கு மட்டும் அறிவிப்பைத் தபாலில் அனுப்பாமல், போய்க் கேட்டு வந்தவரே கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.